ரத்த மாதிரியைக் கெடாமல் கையாளுதல்: குழாய் முதல் அறிக்கை வரை

உடலை விட்டு வெளியேறிய பின்னும் ரத்தம் ஓய்வதில்லை. குழாய்க்குள் இருக்கும் அணுக்கள் குளுக்கோஸைச் செலவழித்துக்கொண்டே இருக்கின்றன. உறைதல் காரணிகள் கண்ணாடிப் பரப்பைத் தொட்டவுடன் தம் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. பொட்டாசியத்தை அணுவுக்குள் அடக்கி வைத்திருக்கும் ஏற்பாடு நேரம் செல்லச் செல்லத் தளர்கிறது. ஆய்வகத்தில் நாம் கையாளும் குழாய், மாதிரியைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ், அணுக்களை எண்ணும் செல் கவுண்டர், வேதிப்பொருள்களை அளக்கும் அனலைசர் ஆகிய ஒவ்வொன்றும் இந்த மாற்றங்களுள் ஏதேனும் ஒன்றைத் தடுப்பதற்காகவோ அளப்பதற்காகவோ ஒருவர் முனைந்து கண்டுபிடித்தது. அந்தக் கருவி எதைச் செய்யும் என்பதோடு எதைச் செய்யாது என்பதையும் அறிந்து, செய்யாத பகுதியைத் தம் கையால் செய்து முடிப்பவரே நம்பத்தக்க முடிவைத் தர முடியும். மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் பயின்று புதிதாகப் பணியில் சேருவோரை மனத்தில் கொண்டு, மாதிரி செல்லும் வழியிலேயே ஒவ்வொரு கட்டத்தையும் இங்கே விளக்குகிறேன்.

சிரையிலிருந்து குழாய்க்கு

ஊசியை எடுப்பதற்கு முன் நோயாளி யார் என்பதை உறுதி செய்ய வேண்டும். "நீங்கள் முருகன்தானே?" என்று கேட்டால், காய்ச்சலில் சோர்ந்திருப்பவர் எதற்கும் தலையசைப்பார். "உங்கள் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன?" என்று கேட்டு, அவர் வாயால் சொல்லக் கேட்டு, விண்ணப்பப் படிவத்தோடு ஒப்பிட வேண்டும். ஒரே வார்டில் ஒரே பெயரில் இருவர் இருப்பதும், தலைப்பெழுத்து ஒன்று மட்டுமே அவர்களை வேறுபடுத்துவதும் நம் மருத்துவமனைகளில் அன்றாட நிகழ்வு. குழாயின் மீது ஒட்டும் சீட்டை ரத்தம் எடுத்து முடித்தவுடன், நோயாளியின் அருகிலேயே ஒட்ட வேண்டும். முன்கூட்டியே சீட்டு ஒட்டி அடுக்கி வைத்த குழாய்கள் ஆள் மாறிப் போகும் வாய்ப்பு மிகுதி. அந்தப் பிழையை எந்தக் கருவியாலும் திருத்த இயலாது.

டூர்னிக்கே பட்டையை ஊசி குத்தும் இடத்திற்குச் சுமார் நான்கு விரற்கடை மேலே கட்டி, ஒரு நிமிடத்திற்குள் தளர்த்திவிட வேண்டும். நீண்ட நேரம் கட்டியிருந்தால் ரத்தக்குழாயிலிருந்து நீர் வெளியே கசிந்து, புரதமும் கால்சியமும் அணுக்களின் எண்ணிக்கையும் உண்மையைவிட உயர்ந்து காட்டும். கையை மூடி மூடித் திறக்கச் சொல்லும் பழக்கம் இன்னும் பல இடங்களில் தொடர்கிறது. முன்கைத் தசைகள் அவ்வாறு வேலை செய்யும்போது பொட்டாசியம் வெளியேறுவதால் அதைக் கைவிட்டே ஆக வேண்டும். தேய்த்த ஸ்பிரிட் முழுமையாக உலர்ந்த பிறகே ஊசி உள்ளே செல்ல வேண்டும். ஈரம் இருந்தால் நோயாளிக்கு எரிச்சலும், மாதிரியில் சிவப்பணுக்கள் உடைதலும் நேரும்.

கண்ணாடிச் சிரிஞ்சில் இழுத்துத் திறந்த குழாயில் ஊற்றும் முறைதான் முன்பு இருந்தது. ஜோசப் கிளைனர் என்பவர் காற்று நீக்கப்பட்டு ரப்பர் மூடியால் அடைக்கப்பட்ட குழாயை உருவாக்கினார். 1949இல் காப்புரிமை பெற்ற அந்த அமைப்பைப் பெக்டன் டிக்கின்சன் நிறுவனம் வாக்குடெய்னர் என்ற பெயரில் பரப்பியது. உள்ளே இருக்கும் வெற்றிடமே தேவையான அளவு ரத்தத்தை இழுத்துக்கொண்டு நின்றுவிடுவதால், குழாயில் முன்பே இடப்பட்ட மருந்துக்கும் ரத்தத்திற்கும் உள்ள விகிதம் தானாக அமைகிறது. இந்த விகிதம்தான் அந்தக் கண்டுபிடிப்பின் உயிர். ஆகவே, சிரிஞ்சில் எடுத்த ரத்தத்தை ஊசியால் மூடியைக் குத்தி அழுத்தித் தள்ளுவதும், பாதி நிரம்பிய இரண்டு குழாய்களை ஒன்றில் சேர்ப்பதும் அதன் பயனை முற்றிலும் அழித்துவிடும்.

விகிதம் பிழைபடுவதால் மிக எளிதில் கெடுவது வெளிர்நீல மூடியுள்ள, உறைதல் சோதனைக்கான சிட்ரேட் குழாய். ஒன்பது பங்கு ரத்தத்திற்கு ஒரு பங்கு 3.2 விழுக்காடு சோடியம் சிட்ரேட் என்பது விதி. ரத்தம் குறைந்தால் மிகுதியாக நிற்கும் சிட்ரேட், சோதனையின்போது நாம் சேர்க்கும் கால்சியத்தையும் கட்டிவிடும். ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் புரோத்ராம்பின் நேரம் நீண்டு, உறைதல் குறையே இல்லாதவருக்குக் குறை இருப்பதாக அறிக்கை போகும். இறகு ஊசி எனப்படும் பட்டர்ஃபிளை செட்டில் எடுக்கும்போது அதன் மெல்லிய குழலில் இருக்கும் காற்று முதல் குழாய்க்குள் போவதால், சிட்ரேட் குழாய்க்கு முன் ஒரு வெற்றுக் குழாயைச் சிறிது நிரப்பி ஒதுக்கிவிட வேண்டும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் பங்கான ஹெமட்டோகிரிட் 55 விழுக்காட்டிற்கு மேல் உள்ளவரிடம் குழாய் சரியாக நிரம்பினாலும், அணுக்கள் நீங்கிய நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறைவாகவே இருக்கும் என்பதால், சிட்ரேட்டின் அளவைக் கணக்கிட்டுக் குறைத்த குழாயைத் தனியே தயாரிக்க வேண்டும்.

குழாய்களின் வரிசையை மனப்பாடமாக ஒப்பிப்பதைவிடக் காரணத்தோடு நினைவில் வைப்பது நல்லது. முதலில் கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்கான ரத்தக் கல்ச்சர் பாட்டில், ஏனெனில் அதில் வேறு குழாயின் கிருமி ஒட்டக்கூடாது. அடுத்து வெளிர்நீலம், பிறகு, ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரான சீரத்திற்கான சிவப்பு அல்லது மஞ்சள் மூடி, பிறகு உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் உள்ள பச்சை, பிறகு அதே வேலையைச் செய்யும் இ.டி.டி.ஏ. உள்ள ஊதா, இறுதியில் ஃபுளோரைடு உள்ள சாம்பல். ஊதாக் குழாயில் இருப்பது பொட்டாசியம் உப்பாக அமைந்த இ.டி.டி.ஏ.; அது ஒரு துளி சீரக் குழாய்க்குள் கலந்தாலும் பொட்டாசியம் பொய்யாக உயரும், கால்சியமும் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்னும் நொதியும் பொய்யாகத் தாழும். பொட்டாசியம் மிக உயர்வாகவும் கால்சியம் நம்ப முடியாத அளவுக்குத் தாழ்வாகவும் ஒரே மாதிரியில் வந்தால், மருத்துவரை அழைப்பதற்கு முன் இந்தக் கலப்பைச் சந்தேகித்து மாதிரியை மீண்டும் கேட்க வேண்டும்.

குழாய் நிரம்பியவுடன் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துவதை ஒரு முறை எனக் கணக்கிட்டு, சிட்ரேட் குழாயை 3 முதல் 4 முறையும், உறைய வைக்கும் பொருள் உள்ள சீரக் குழாயை 5 முறையும், பச்சை, ஊதா, சாம்பல் குழாய்களை 8 முதல் 10 முறையும் மென்மையாகக் கலக்க வேண்டும். குலுக்கினால் அணுக்கள் உடையும்; கலக்காமல் விட்டால் கண்ணுக்குத் தெரியாத சிறு கட்டிகள் உருவாகித் தட்டணுக்களை விழுங்கிக்கொள்ளும்.

காத்திருத்தலும் பயணமும்

சாதாரண அறை வெப்பநிலையில் அணுக்களோடு விடப்பட்ட மாதிரியில் குளுக்கோஸ் மணிக்குச் சுமார் 5 முதல் 7 விழுக்காடு வரை குறைகிறது. சாம்பல் குழாயின் ஃபுளோரைடு இதைத் தடுக்கிறது என்பது உண்மையே. ஆனால் அதன் செயல் முழுமை பெற ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. முகாம்களில் காலை எடுத்த மாதிரியை மதியம் ஆய்வகத்திற்குக் கொண்டுவரும் இடங்களில், சாம்பல் குழாயாக இருந்தாலும் பனிப்பெட்டியில் வைத்து விரைவில் பிளாஸ்மாவைப் பிரிப்பதே முறை. அதே பனிப்பெட்டியில் பொட்டாசியத்திற்கான பிரிக்காத குழாயை வைத்துவிடக் கூடாது. குளிரில் அணுச்சவ்வின் பம்பு செயலிழந்து பொட்டாசியம் வெளியே கசியும். அணுக்கள் உடையாததால் சீரத்தில் செந்நிறமும் தெரியாது, பிழை மறைந்தே இருக்கும். பிலிருபினுக்கான குழாயை வெளிச்சம் படாமல் சுற்றி வைக்க வேண்டும்.

தொலைவிலிருந்து மாதிரி வர வேண்டியிருந்தால் வடிதாள் முறை துணை நிற்கும். பச்சிளம் குழந்தைகளின் பிறவிக் குறைபாட்டைக் கண்டறிவதற்காக ராபர்ட் கத்ரி 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பரப்பிய முறை இது. குதிகாலில் குத்திய துளி ரத்தத்தைத் தாளின் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வட்டம் முழுவதும் ஊறும்படி விட்டு, கிடைமட்டமாக வெயில் படாமல் குறைந்தது மூன்று மணி நேரம் உலர்த்தி, பிறகே உறையிலிட வேண்டும். ஈரத் தாள்களை ஒன்றன்மீது ஒன்றாக அடுக்கினால் ஒரு குழந்தையின் ரத்தம் மற்றொரு குழந்தையின் தாளில் ஊறிவிடும்.

பிரித்தெடுத்தல்

சீரக் குழாய் முழுமையாக உறைய 30 நிமிடமும், உறைய வைக்கும் பொருள் இல்லாத வெறும் சிவப்புக் குழாயாயின் 60 நிமிடமும் நிமிர்ந்த நிலையில் நிற்க வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோருக்கு இன்னும் நேரமாகும். அவசரத்தில் முன்கூட்டியே சுழற்றினால் உறைதலில் உருவாகும் ஃபைப்ரின் இழைகள் சீரத்தில் மிதந்து, பின்னர் அனலைசரின் உறிஞ்சு முனையை அடைக்கும்.

சென்ட்ரிஃபியூஜைப் பற்றி வரும் குழப்பங்களில் பெரியது, சுற்று எண்ணிக்கையை விசையாக எண்ணிக்கொள்வது. நிமிடத்திற்கு 3000 சுற்று என்று சுவரில் எழுதி ஒட்டியிருப்பார்கள். புதிய கருவி வந்த பின்னும் அதே தாள் அங்கேயே இருக்கும். மாதிரி மீது செயல்படும் விசையை அறிய, 0.00001118 என்ற மாறிலியைச் சுழல் தண்டின் மையத்திலிருந்து குழாயின் அடி வரையுள்ள சென்டிமீட்டர் அளவாலும், நிமிடச் சுற்றின் வர்க்கத்தாலும் பெருக்க வேண்டும். ஆரம் 15 சென்டிமீட்டர் உள்ள கருவியில் 3000 சுற்று ஏறத்தாழ 1500 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல் 1500 மடங்கு, விசையைத் தரும். ஆரம் 10 சென்டிமீட்டராயின் அதே 3000 சுற்று 1000 ஜியைச் சற்றே தாண்டும். ஜெல் உள்ள சீரக் குழாய்க்கு 1000 முதல் 1300 ஜி வரை 10 நிமிடமும், உறைதல் சோதனைக்கான சிட்ரேட் குழாய்க்கு 1500 ஜியில் 15 நிமிடமும் பொதுவான அளவு. உறைதல் சோதனைக்கான பிளாஸ்மாவில் தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 10,000க்குக் கீழ் இருக்க வேண்டும்; அதை ஆய்வகமே அவ்வப்போது எண்ணிச் சரிபார்த்துத் தன் கருவிக்குரிய சுற்றை முடிவு செய்ய வேண்டும்.

மஞ்சள் மூடிக் குழாயின் அடியில் இருக்கும் ஜெல், சீரத்தின் அடர்த்திக்கும் அணுக்களின் அடர்த்திக்கும் இடைப்பட்டது. சுழலும்போது இளகி மேலேறி, இரண்டுக்கும் நடுவே தடுப்பாக உறைந்து நிற்கிறது. மிக எளிய இந்த ஏற்பாடு, சீரத்தை வேறு குழாய்க்கு மாற்றும் வேலையையும் அதனால் வரும் ஆள் மாறாட்டத்தையும் பெருமளவு நீக்கியது. ஆனால் ஒரு முறை சுழற்றிய ஜெல் குழாயை மறுமுறை சுழற்றக் கூடாது. ஜெல்லுக்கு அடியில் அணுக்களோடு கிடந்த பொட்டாசியம் மிகுந்த சீரம் மேலே வந்து கலந்துவிடும். ஃபெனிட்டாயின் போன்ற சில மருந்துகளை ஜெல் உறிஞ்சிக்கொள்வதால், மருந்தளவுச் சோதனைகளுக்கு ஜெல் இல்லாத குழாயே தகுந்தது.

எதிரெதிர்க் குழாய்களின் எடை சமமாக இருக்க வேண்டும் என்பதை அனைவரும் அறிவர். குழாய் உடைந்த ஓசை கேட்டால் என்ன செய்வது என்பதை அறிந்தோர் குறைவு. மோட்டாரை நிறுத்தி, மூடியைத் திறக்காமல் 30 நிமிடம் விட்டு, காற்றில் பரவிய நுண்துளிகள் படிந்த பின், தடித்த கையுறையோடு இடுக்கியால் துண்டுகளை எடுக்க வேண்டும்.

மின்சாரமே இல்லாத இடத்திற்கும் இப்போது ஒரு வழி உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷின் குழு 2017இல் வெளியிட்ட பேப்பர்ஃபியூஜ், சோடா மூடியைத் தட்டையாக்கி இரண்டு துளையில் நூல் கோத்துக் குழந்தைகள் இழுத்துச் சுழற்றும் விளையாட்டுப் பொருளின் தத்துவத்தில் இயங்குவது. காகித வட்டில் ஒட்டிய நுண்குழலில் உள்ள ரத்தத்தை நிமிடத்திற்கு 1,25,000 சுற்று வரை சுழற்றி, ஒன்றரை நிமிடத்தில் பிளாஸ்மாவைப் பிரிக்க முடியும் என்று அவர்கள் காட்டினர். அதில் கிடைப்பது சில மைக்ரோலிட்டர் மட்டுமே. ஹெமட்டோகிரிட் பார்ப்பது, மலேரியா ஒட்டுண்ணியைத் தேடுவது போன்ற களப்பணிகளுக்கு அது பொருந்தும். முழு உயிர்வேதியியல் சோதனைக்கு அதை நம்பிப் புறப்படக் கூடாது.

அணுக்களை எண்ணுதல்

வாலஸ் கூல்ட்டர் சிகாகோவில் தம் வீட்டு அடித்தளத்தில் செய்த சோதனைகளிலிருந்து பிறந்த தத்துவம்தான் இன்றும் பெரும்பாலான செல் கவுண்டர்களின் அடிப்படை. மின்சாரம் பாயும் உப்புக்கரைசலில் ஒரு நுண்துளை. அதன் வழியே ஓர் அணு நுழையும் கணத்தில் மின்தடை உயர்ந்து ஒரு துடிப்பு எழும். துடிப்பின் எண்ணிக்கை அணுக்களின் எண்ணிக்கை, துடிப்பின் உயரம் அணுவின் பருமன். சிகரெட் பெட்டியின் செல்லோபேன் தாளில் சூடான ஊசியால் இட்ட துளையே அவருடைய முதல் நுண்துளை என்பர். 1953இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முன் ஒரு நோயாளியின் எண்ணிக்கைக்கு நியூபாயர் அறை எனும் கட்டமிட்ட கண்ணாடித் தட்டில் சில நூறு அணுக்களை மட்டுமே கண்ணால் எண்ண முடிந்தது. இக்கருவி சில நொடிகளில் பல்லாயிரம் அணுக்களை எண்ணுகிறது.

கருவிக்குத் தெரிவது பருமன் மட்டுமே என்பதை மறவாதவர் அதன் பிழைகளையும் எளிதில் ஊகித்துவிடுவார். ஒட்டிக்கொண்ட தட்டணுக் கூட்டம் அதற்கு ஒரு பெரிய அணு. மிகச் சிறுத்துப்போன சிவப்பணு அதற்குத் தட்டணு. உட்கருவுள்ள இளம் சிவப்பணு, பழைய வகைக் கருவிகளில் வெள்ளையணு. குளிரில் சிவப்பணுக்கள் ஒட்டிக்கொள்ளும் நோயாளியிடம் சிவப்பணு எண்ணிக்கை விழுந்து, சிவப்பணுவின் சராசரிப் பருமனான எம்.சி.வி.யும், அதிலுள்ள ஹீமோகுளோபின் செறிவான எம்.சி.எச்.சி.யும் பொருந்தாமல் உயரும். குழாயை 37 டிகிரி செல்சியசில் வைத்துச் சூடாக்கி உடனே மறுபடி ஓட்டினால் எண்கள் ஒழுங்குக்கு வரும். அணுக்கள் இயல்பான அளவில் இருந்தால், மில்லியன் கணக்கில் சொல்லும் சிவப்பணு எண்ணிக்கையை மூன்றால் பெருக்கினால் ஹீமோகுளோபினும், ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஹெமட்டோகிரிட்டும் ஏறக்குறைய வர வேண்டும். மூன்று புள்ளிக்கு மேல் விலகினால் சீரம் பால்போல் கொழுப்பேறியிருக்கிறதா, மாதிரி நன்கு கலக்கப்பட்டதா, சலைன் ஏறும் கையில் எடுக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் டெங்கு அச்சத்தோடு வருவோர் அனைவரும் அறிக்கையில் முதலில் பார்ப்பது தட்டணு எண்ணிக்கையை. எனவே தாழ்ந்த எண் வந்தால் மூன்று செயல்களைச் செய்யாமல் அதை வெளியிடக் கூடாது. குழாய்க்குள் மரக்குச்சியை விட்டு, உறைந்த கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்லைடில் ரத்தத்தை மெல்லிய படலமாகப் பரப்பி ஸ்மியர் போட்டு, அதன் இறகு போன்ற விளிம்பில் தட்டணுக் கூட்டம் தேங்கியிருக்கிறதா என்று தேட வேண்டும். கூட்டம் தெரிந்தால் சிட்ரேட் குழாயில் புதிதாக எடுத்து எண்ணி, சிட்ரேட்டால் நீர்த்ததை ஈடுசெய்ய 1.1ஆல் பெருக்க வேண்டும். சிலருடைய ரத்தத்தில் இ.டி.டி.ஏ.வே தட்டணுக்களை ஒட்ட வைக்கிறது. அவர்களுக்கு நோயே இராது, ஆயினும் பொய்யான ஓர் எண்ணால் மருத்துவமனையில் படுக்க நேரிடும்.

கருவி எச்சரிக்கைக் குறி காட்டிய மாதிரியை ஸ்மியர் பார்க்காமல் அனுப்பும் வழக்கத்தை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. ஸ்மியர் போடுவதற்கு ஆகும் செலவு சில ரூபாய். அதில் கண்டுபிடிக்கப்படும் ரத்தப் புற்றுநோயின் மதிப்பு ஓர் உயிர். ரத்தம் எடுத்த இரண்டு மணி நேரத்திற்குள், பரப்பும் ஸ்லைடை 30 முதல் 45 டிகிரி சாய்வில் பிடித்து ஒரே சீராக இழுக்க வேண்டும். ரத்தசோகை மிகுந்த நீர்த்த ரத்தத்திற்குச் சாய்வைக் கூட்ட வேண்டும். காற்றில் உலர்ந்த ஸ்லைடின் மீது லீஷ்மன் ஸ்டெயினை ஊற்றி இரண்டு நிமிடம் விட்டால், அதிலுள்ள மெத்தனால் அணுக்களை நிலைநிறுத்தும். அதன்மேல் இரு மடங்கு பஃபர் நீரை, பி.எச். 6.8இல், சேர்த்து ஊதிக் கலந்து 7 முதல் 10 நிமிடம் கழித்துக் கழுவ வேண்டும். சிவப்பணுக்களுக்குள் ஒளிவிடும் வளையங்கள் தெரிந்தால் ஸ்டெயினில் ஈரம் புகுந்திருக்கிறது என்று பொருள்; பாட்டிலை மாற்ற வேண்டும். வில்லியம் லீஷ்மன் 1901இல் உருவாக்கிய இந்தச் சாயம் நம் நாட்டு ஆய்வகங்களில் இன்றும் மிகுதியாகப் புழங்குகிறது. அவர் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் நோயுற்ற படைவீரர் ஒருவரின் மண்ணீரலில் கண்ட ஒட்டுண்ணியை, 1903இல் சென்னையில் சார்லஸ் டோனவனும் தனியே கண்டார் என்பதால்தான் இருவர் பெயரும் இணைந்து லீஷ்மன்-டோனவன் உடல்கள் என்று பாடநூலில் நிற்கிறது.

சிவப்பணுக்கள் இறங்கிப் படியும் வேகத்தைக் காட்டும் இ.எஸ்.ஆர். பற்றி ஒன்றே ஒன்று. அதற்கான வெஸ்டர்கிரென் குழாய் துளியும் சாயாமல் நிற்க வேண்டும். சில டிகிரி சாய்வே அணுக்களை விரைந்து இறங்கச் செய்து எண்ணைக் கூட்டிவிடும். மின்விசிறியும் ஜன்னல் வெயிலும் படும் மேசையும், சென்ட்ரிஃபியூஜ் அதிரும் மேசையும் அதற்கு ஆகாதவை.

அனலைசரும் கட்டுப்பாடும்

லியோனார்ட் ஸ்கெக்ஸ் ஒரே மெல்லிய குழலில் பல மாதிரிகளை, நடுவே காற்றுக் குமிழிகளை இட்டுப் பிரித்து ஓடவிட்டார். 1957இல் டெக்னிக்கான் நிறுவனம் அதை ஆட்டோஅனலைசர் என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவருக்குத் தோழனாக இருந்த குமிழி இன்றைய கருவிகளுக்குப் பகை. உறிஞ்சு முனை திரவ மட்டத்தைத் தானே உணர்ந்து இறங்குவதால், நுரையை மட்டமென்று எண்ணிக் காற்றை உறிஞ்சிவிடும். எல்லாச் சோதனைகளும் ஒருசேரத் தாழ்ந்து வரும். மாதிரிக் கோப்பையிலும் வினைப்பொருளான ரியேஜெண்ட் பாட்டிலிலும் உள்ள குமிழிகளை ஏற்றுவதற்கு முன்பே குச்சியால் நீக்க வேண்டும். சீரம் செந்நிறமாக இருந்தால் அணுக்கள் உடைந்ததால் பொய்யாக உயரும் பொட்டாசியம், எல்.டி.எச்., ஏ.எஸ்.டி. என்னும் நொதிகள் ஆகிய மூன்றையும் வெளியிடாமல் மறுமாதிரி கேட்க வேண்டும். ஹார்மோன் சோதனைகளிலும் புற்றுக்கட்டியைக் காட்டும் குறியீட்டுச் சோதனைகளிலும் நோயாளியின் நிலைக்குப் பொருந்தாத தாழ்ந்த எண் வந்தால் மாதிரியைப் பத்து மடங்கு, நூறு மடங்கு நீர்த்து மறுபடி ஓட்ட வேண்டும். அளவு மிக மிகுந்த பொருள், அதைப் பிடிப்பதற்காக ரியேஜெண்டில் உள்ள ஆண்டிபாடிகளை மூழ்கடித்துப் பொய்யாகத் தாழ்ந்து காட்டுவது உண்டு.

அன்றைய முதல் நோயாளி மாதிரிக்கு முன், அளவு முன்பே தெரிந்த மாதிரியான கன்ட்ரோலை ஓட்ட வேண்டும். உலர்தூள் கன்ட்ரோலில் சேர்க்கும் நீரின் அளவு துல்லியமாக இருத்தல் வேண்டும். குலுக்காமல் மெல்லச் சுழற்றி, முழுமையாகக் கரையும் வரை அரை மணி நேரம் வைக்க வேண்டும். பிப்பெட்டைத் தராசில் வைத்துச் சோதிப்பது எளிது: 25 டிகிரியில் 1000 மைக்ரோலிட்டர் நீர் ஏறத்தாழ 0.997 கிராம் எடை காட்ட வேண்டும். லெவியும் ஜென்னிங்ஸும் 1950இல் அறிமுகம் செய்த வரைபடத்தில் அன்றாட எண்ணைக் குறித்து, ஜேம்ஸ் வெஸ்ட்கார்டு 1981இல் வகுத்த விதிகளால் அதைப் படிக்க வேண்டும். ஏதேனும் ஒரு நாளின் புள்ளி, எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவான திட்ட விலக்கத்தைப் போல் மூன்று மடங்கைத் தாண்டினாலோ, அடுத்தடுத்த இரு புள்ளிகள் ஒரே பக்கத்தில் இரண்டு திட்ட விலக்கத்தைத் தாண்டினாலோ அந்த ஓட்டத்தை நிறுத்த வேண்டும். பத்துப் புள்ளிகள் தொடர்ந்து சராசரியின் ஒரே பக்கத்தில் விழுந்தால் கருவி மெல்ல விலகிச் செல்கிறது. அளவுத் திருத்தமான கேலிபரேஷனையும், ரியேஜெண்ட் தயாரிப்புத் தொகுதியின் லாட் எண்ணையும், கருவியின் விளக்கையும் பார்க்க வேண்டும். நல்ல எண் வரும் வரை கன்ட்ரோலைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதால் கருவியின் குறை தீராது.

கன்ட்ரோல் கருவியைக் காக்கும், ஆள் மாறிய மாதிரியைக் காட்டிக்கொடுக்காது. அதற்கு அதே நோயாளியின் முந்தைய அறிக்கையே துணை. எம்.சி.வி. சில நாள்களில் பெரிதாக மாறாது என்பதால், நேற்று 72 இருந்தது இன்று 94 என்றால், இடையில் ரத்தம் ஏற்றப்பட்டதா என்று கேட்டு, இல்லையெனில் குழாய் யாருடையது என்று தேட வேண்டும். உயிருக்கு ஆபத்தைக் காட்டும் எண்ணைத் தொலைபேசியில் சொன்னால், கேட்டவரை அதைத் திருப்பிச் சொல்லச் செய்து, அவர் பெயரையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

சோதனை முடிந்த மாதிரிகளை, ஆய்வகம் வகுத்த காலம் வரை 2 முதல் 8 டிகிரியில் மூடியோடு வைத்திருந்து, பின்னர் கிருமி நீக்கி அகற்ற வேண்டும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி பிளாஸ்டிக் குழாய்கள் சிவப்புப் பைக்கும், ஊசிகள் துளைபடாத வெள்ளைப் பெட்டிக்கும், கண்ணாடி நீலப் பெட்டிக்கும் செல்ல வேண்டும். சிந்திய ரத்தத்தை உறிஞ்சு தாளால் மூடி, அன்றே கலந்த 1 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட்டை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடக் கூடாது. கையில் குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, அந்த மாதிரி யாருடையது என்பதைக் குறித்துக்கொண்டு, பணி முடியும் வரை காத்திராமல் உடனே பொறுப்பு மருத்துவரிடம் சொல்ல வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முதல் இரண்டு மணி நேரத்திற்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் கடந்தால் அது பயன் தராது.